ஒரு கதவு மட்டும் ஏன் சந்தனக் கலர்?



"சேர், உங்கட காருல ஒரு கதவு மட்டும் உள்ளுக்கு ஏன் வேற கலர்?"

இரண்டு கிழமையாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறோம். ஜும்ஆ முடிந்து வரும்போது கேட்கிறார்கள். பாடசாலை வாசலில் பெற்றோர் கேட்கிறார்கள். மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவர் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். மூன்று கதவு சாம்பல் நிறம், பின்னால் இடப்பக்கக் கதவு மட்டும் சந்தனக் கலர் என்றால் கண்ணில் படத்தான் செய்யும்.

ஒவ்வொருவருக்கும் பாதிக் கதை சொல்வதை விட முழுவதையும் ஒரு தடவை எழுதிவிடலாம் என்று நினைத்தோம். வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பிரயோசனப்படும். கொஞ்சம் நீளம்தான். ஒரு பிளேன்டீயோடு வாசியுங்கள்.

எங்களது வாகனம் 1997 ஆம் ஆண்டு ஜப்பான் கார். வாப்பா 2006 இல் வாங்கியது. அவர் மௌத்தான பிறகும் அதை விற்க யாருக்கும் மனம் வரவில்லை. வந்திருந்தாலும் மாற்றி வாங்கும் நிலைமை இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் விலை எங்கே போய் நின்றது என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு ஆசிரியர் சம்பளம் வருகிற வீடு என்றாலும், இருப்பதைப் பழுது பார்த்து ஓடுவதுதான் எங்கள் வழி. ஊரில் முக்கால்வாசி வீடுகளின் வழியும் அதுதான்.

அந்தக் காரின் பின் இடப்பக்கக் கதவு உள்ளே இருந்து திறக்காமல் போனது. அங்கேதான் கதை தொடங்குகிறது.

கதவு திறக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது சைல்ட் லொக். பின் கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில், பூட்டுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன நெம்பு இருக்கும். பிள்ளைகள் ஓடும் வாகனத்தில் கதவைத் திறந்துவிடாமல் இருப்பதற்காக வைத்தது. யாரோ தெரியாமல் அதைத் தட்டிவிட்டால் உள்ளே இருந்து எவ்வளவு இழுத்தாலும் திறக்காது. அது பழுதே இல்லை. நாங்களும் முதலில் அதைத்தான் பார்த்தோம். நெம்பு சரியான பக்கத்தில்தான் நின்றது. ஆனால் உள் கைப்பிடி பிடித்தவர் கையோடு வந்தது.

அந்தச் சீட்டில் இருப்பது எங்கள் உம்மா. மாதம் ஒரு தடவை கல்முனைக்குக் கிளினிக் போக வேண்டும். இரண்டு முழங்காலிலும் வருத்தம். இறங்கும்போது முதலில் கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்து, கதவின் கைதாங்கியைப் பிடித்துக்கொண்டு தானாக எழும்புவார். பிறர் கையைப் பிடித்து எழுப்புவது அவருக்குப் பிடிக்காது. "நான் என்ன, சின்னப் புள்ளயா?" என்பார்.

கதவு திறக்காமல் போன பிறகு, வாகனம் நின்றதும் நாங்கள் ஒருவர் இறங்கிச் சுற்றி வந்து வெளியே இருந்து திறக்க வேண்டும். அதுவரைக்கும் உம்மா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு இருப்பார். இரண்டு பயணம் போனார். மூன்றாவது பயணம் அவருடைய தங்கச்சி வீட்டுக்கு. "நான் வரல்ல. நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். மகள் காரணம் கேட்டாள். "கூட்டுக்குள்ள அடச்ச கோழி மாதிரி இரிக்கி மகள்" என்றாராம்.

கைப்பிடி உடைந்தது பெரிய விசயமில்லை. ஆனால் உம்மா வீட்டோடு நின்றுவிடுவது எங்களுக்குப் பெரிய விசயம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பாஸிடம் வாகனத்தைக் கொண்டு போனோம். அவர் கதவைத் திறந்து, உள் பலகையின் கீழ் ஓரத்தை விரலால் அழுத்திக் காட்டினார். பாணை அழுத்தினது போல் உள்ளே போனது.

"சேர், கைப்புடி இல்ல பிரச்சின. டோர் போட் ஊறிப் போச்சி."

டோர் போட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: கதவின் வெளிப்பக்கம் தகரம். உள்பக்கம் நாம் சாய்கிற, கை வைக்கிற பக்கத்தில் ஒரு பலகை இருக்கும். புதிய வாகனங்களில் அது பிளாஸ்டிக். அந்தக் காலத்து வாகனங்களில் பெரும்பாலும் அமுக்கிய மரத்தூள் பலகை, மேலே ரெக்சீன் ஒட்டியிருக்கும். கைதாங்கி, உள் கைப்பிடி, ஷட்டர் சுற்றுகிற ஹேண்டில் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான். பலகையைக் கதவோடு பிடித்து வைத்திருப்பது ஓரம் முழுக்க இருக்கிற பிளாஸ்டிக் கிளிப்புகள்.

பாஸ் நடந்ததை வரிசையாகச் சொன்னார். பலகைக்குத் தண்ணீர் பட்டிருக்கிறது. ஊறி வீங்கியிருக்கிறது. வீங்கின பலகையில் கிளிப் நிற்காது, கைதாங்கியின் ஸ்க்ரூவும் பிடிக்காது. கைதாங்கி ஆடத் தொடங்கியதும் ஏறுகிறவர்கள் அதைப் பிடித்துக் கதவைச் சாத்துவதை விட்டுவிட்டு உள் கைப்பிடியைப் பிடித்து இழுத்துச் சாத்துவார்கள். அந்தக் கைப்பிடி திறப்பதற்குச் செய்தது. முழுக் கதவின் பாரத்தையும் இழுப்பதற்குச் செய்ததில்லை. கொஞ்ச நாளில் அதன் கழுத்து உடையும்.

"சரி, தண்ணி எப்படி உள்ளுக்கு வந்திச்சி?" என்று கேட்டோம்.

"அது கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். அநேகமா மழைத்தாள் இரிக்காது."

அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். "கழட்டிப் பூட்ட நான் கூலி எடுக்கலாம். ஆனா சாமானத் தேடி எடுக்கிறதுதான் இதுல பெரிய வேல. அத நீங்க தேடினா பூட்டுறது ஒரு காலம்பற வேல. நீங்களே செய்யலாம் சேர். ஏலாட்டி கொண்டாங்க." பழைய டப்பா ஒன்றில் இருந்து ஒரு கிளிப்பையும் எடுத்து மாதிரிக்குத் தந்தார். இப்படிச் சொல்கிற பாஸ்மாரும் நம்மிடையே இருக்கிறார்கள். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும்.

அடுத்த சனிக்கிழமை காலையில் மாமரத்துக்குக் கீழே வாகனத்தை நிறுத்தினோம். நாங்கள் இருவரும், தரம் 7 படிக்கிற மகளும், தரம் 4 படிக்கிற மகனும். உம்மா விறாந்தையில் கதிரையைப் போட்டு மேற்பார்வை.

தேவைப்பட்ட ஆயுதங்கள் இவ்வளவுதான்: நட்சத்திர முனை ஸ்க்ரூ ட்ரைவர் ஒன்று, தட்டை முனை சின்னது ஒன்று, பெயின்ட் பாஸ்மார் பட்டி போடுகிற தகடு ஒன்று, பழைய பருத்தித் துணி, டோர்ச், முட்டைத் தட்டு. பட்டித் தகட்டின் முனையில் டேப் சுற்றிக்கொண்டோம், பெயின்ட் கீறாமல் இருக்க.

முட்டைத் தட்டு மகளின் யோசனை. கழற்றுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ஒவ்வொரு குழிக்குள் போட்டு, பக்கத்தில் "கைதாங்கி – முன்", "கைதாங்கி – பின்", "கைப்பிடி" என்று துண்டுக் கடதாசியில் எழுதி வைத்தாள். பூட்டும்போது ஒரு ஸ்க்ரூ கூட மிஞ்சவில்லை. மிஞ்சுகிற ஸ்க்ரூவோடு வீட்டுக்கு வந்த வாகனங்கள் எத்தனையோ உண்டு.

கழற்றும் ஒழுங்கு இது. முதலில் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட வேண்டும். பிறகு கைதாங்கியின் அடியில் இருக்கிற இரண்டு ஸ்க்ரூ. பிறகு உள் கைப்பிடியைச் சுற்றியிருக்கிற குழிவான மூடி, அதற்குள் ஒரு ஸ்க்ரூ. கண்ணாடி ஓரத்தில் நிற்கிற பூட்டுக் குமிழைச் சுழற்றிக் கழற்ற வேண்டும். கடைசியாக ஷட்டர் ஹேண்டில்.

இந்த ஷட்டர் ஹேண்டில்தான் பலரையும் மடக்குவது. அதில் ஸ்க்ரூவே தெரியாது. பின்பக்கத்தில் குதிரை லாடம் போல வளைந்த ஒரு கம்பிக் கிளிப் அதைப் பிடித்திருக்கும். நெம்பினால் ஹேண்டில் உடையும். அதற்குத்தான் பருத்தித் துணி. துணியின் ஓரத்தை ஹேண்டிலுக்கும் பலகைக்கும் நடுவில் நுழைத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, சப்பாத்துக்குப் பொலிஷ் போடுகிற மாதிரி இங்கும் அங்கும் இழுக்க வேண்டும். துணியின் நூல் கம்பியில் கொளுவும், கிளிப் துள்ளி வெளியே வரும். துள்ளும்போது எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. மகனை ஒரு துவாய் விரித்துப் பிடிக்கச் சொன்னோம். கிளிப் துவாய்க்குள் விழுந்ததும் அவன் கூவின கூவலில் பக்கத்து வீட்டு மாமா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

இதற்குப் பிறகு பலகையைப் பிடித்திருப்பது ஓரக் கிளிப்புகள் மட்டும். கீழ் மூலையில் தகட்டை நுழைத்து, கிளிப் இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்து நெம்ப வேண்டும். கிளிப்புக்கு இரண்டு விரற்கடை தள்ளி நெம்பினால் பலகை கிழியும். எங்கள் பலகையில் அந்தக் கவலையே இருக்கவில்லை. கீழ்ப்பக்கக் கிளிப்புகள் ஏற்கனவே தகரத்தில் தொங்கிக்கொண்டு நின்றன, பலகை தூள்தூளாகக் கையில் வந்தது. மேல்பக்கம் கண்ணாடி ஓரத்தில் கொளுவியிருக்கும். அதை வெளியே இழுக்காமல் மேலே தூக்கி எடுக்க வேண்டும்.

பவர் ஷட்டர் வாகனம் என்றால் இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். பலகைக்குப் பின்னால் வயர் இருக்கும். கொக்கியை அழுத்திக் கழற்ற வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. தொடங்குவதற்கு முன்னாலேயே பெட்டரியின் நெகடிவ் பக்கத்தைக் கழற்றி வைப்பது நல்லது. பக்க எயார்பேக் உள்ள புதிய வாகனங்களில் கதவுக்குள் அதற்கான சென்சர் இருக்கக் கூடும். அப்படியான வாகனத்தைத் தெரிந்தவரிடமே கொடுங்கள்.

பலகை வந்ததும் பாஸ் சொன்னது சரியாக இருந்தது.

பக்கத்துக் கதவில் பலகைக்குப் பின்னால் தகரத்தை முழுக்க மூடி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறது. கறுப்பு நிறத்தில் சுயிங்கம் மாதிரி ஒரு பசை ஓரம் முழுக்க ஓடுகிறது. இந்தக் கதவில் அந்தத் தாள் இல்லை. பசையின் கறுப்பு அடையாளமும் அதில் ஒட்டிக்கொண்டு நின்ற இரண்டு கிழிசல் துண்டும்தான் மிச்சம். வாப்பா காலத்தில் ஒரு தடவை இந்தக் கதவின் ஷட்டர் விழுந்து திருத்தினது உம்மாவுக்கு நினைவிருந்தது. திருத்தினவர் தாளைக் கிழித்து எடுத்திருக்கிறார். திரும்ப ஒட்டவில்லை. மேலே பலகையைப் பூட்டிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

அன்றைக்கு யாரோ ஒருவருக்குப் பத்து நிமிடம் மிச்சம். அந்தப் பத்து நிமிடம்தான் பல வருடம் கழித்து வந்து ஒரு வயசான மனுசியின் கதவைப் பூட்டியிருக்கிறது.

மகள் கேட்டாள்: "கதவுக்குள்ள தண்ணி போறதுதானே பிழை? அத நிப்பாட்டாம ஏன் தாள் ஒட்டிரிக்காங்க?"

வகுப்பில் கேட்டிருந்தால் கைதட்டச் சொல்லியிருப்போம். கேள்வியில்தான் விசயமே இருக்கிறது. எந்தக் காரின் கதவுக்குள்ளும் தண்ணீர் போகத்தான் செய்யும். மழைத்தண்ணீர் கண்ணாடியில் வழியும். ஓரத்தில் இருக்கிற ரப்பர் பீடிங் பெரும்பகுதியைத் துடைத்து வெளியே விடும், மிச்சம் கண்ணாடியோடு கதவுக்குள் இறங்கும். செய்தவனுக்கு அது தெரியும். அதனால்தான் கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருக்கிறான். உள்ளே வந்த தண்ணீர் அந்த வழியால் வெளியே சொட்டும். தாளின் வேலை, தண்ணீர் போகிற பாதைக்கும் பலகைக்கும் நடுவில் நிற்பது மட்டும்தான். தண்ணீர் வரும், போகும், பலகை காய்ந்தபடி இருக்கும்.

எங்கள் கதவில் தாளும் இல்லை, ஓட்டைகளும் அடைத்துப் போயிருந்தன. கடற்கரை ஊர், மணலுக்குக் குறைவில்லை. அதோடு வருடக்கணக்கான தூசியும் இலைத் துணுக்கும். விளக்குமாற்றில் இருந்து ஒரு ஈர்க்கை உருவி மகன் அந்த ஓட்டைகளைக் குத்தினான். முதல் ஓட்டை திறந்ததும் கறுப்புச் சேறும் தண்ணீரும் அவன் கையில் ஊற்றியது. மழை விட்டு எத்தனையோ நாளாகியும் தண்ணீர் கதவுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அடித் தகரத்தில் துரு தொடங்கியிருந்தது. அதைச் சுரண்டித் துடைத்து, காய வைத்து, துருத் தடுக்கும் பெயின்ட் பூசினோம்.

இனிப் பலகை தேட வேண்டும். இந்த ஆண்டு வாகனத்துக்குப் புதுப் பலகை இல்லை, பாவித்ததுதான். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கேட்டுப் பார்க்கலாம். மச்சான் ஒருவர் கொழும்பில் வேலை செய்கிறார். ஆனால் ஒரே பெயர் கொண்ட வாகனத்திலும் வருடத்துக்கு வருடம் பலகையின் ஓட்டைகள் மாறும். போனில் படம் அனுப்பி எடுத்தால் வந்து பொருந்தாமல் போகும்.

ஆசிரியர் கலாசாலையில் படித்த காலம் இங்கே கைகொடுத்தது. டிமைத் தாளோடும் கம்மோடும் எத்தனை இரவு கற்பித்தல் சாதனம் செய்து விழித்திருப்போம். இரண்டு டிமைத் தாளை ஒட்டி, மிச்சமிருந்த பலகையை அதன் மேல் வைத்து ஓரத்தைக் கீறினோம். கரைந்து போன கீழ்ப்பக்கத்தைக் கதவுத் தகரத்தைப் பார்த்து வரைந்தோம். ஒவ்வொரு கிளிப்பின் இடம், கைப்பிடியின் குழி, ஷட்டர் ஹேண்டில் வருகிற வட்டம் எல்லாவற்றையும் குறித்து, "பின் – இடது" என்று பெரிதாக எழுதி, சுருட்டி இரவு பஸ்ஸில் அனுப்பினோம். மச்சான் அந்தத் தாளைக் கொண்டு போய்ப் பலகைகளின் மேல் விரித்து விரித்துப் பார்த்திருக்கிறார். மூன்றாவது கடையில் ஓட்டைக்கு ஓட்டை பொருந்தியது.

"மச்சான், சாமான் கிடச்சிருச்சி. ஆனா கலர் வேற. சந்தனக் கலர்."

"பொருந்துதா?"

"பொருந்துது."

"அப்ப அனுப்புங்க."

பலகை கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. இதே மாதிரித் தாளை வைத்து மெல்லிய பிளைவுட்டில் வெட்டி, இரண்டு பக்கமும் ஓரமும் நன்றாக வார்னிஷ் அடித்து, குஷன் கடையில் ரெக்சீன் ஒட்டி எடுக்கலாம். ஓரத்துக்கு வார்னிஷ் அடிக்க மறக்கக் கூடாது. பலகை தண்ணீர் குடிப்பது ஓரத்தால்தான்.

அடுத்த சனிக்கிழமை பூட்டுகிற வேலை. முதலில் புது உள் கைப்பிடி. பூட்டில் இருந்து வருகிற கம்பியைக் கைப்பிடியின் பிளாஸ்டிக் கொக்கிக்குள் நுழைத்து அழுத்தினால் 'டிக்' என்று நிற்கும். பலகையைப் பூட்டுவதற்கு முன்பே கதவைத் திறந்து சாத்திப் பத்துத் தடவையாவது சோதிக்க வேண்டும். சோதிக்கும்போது பூட்டின் நாக்குக்கு ஸ்க்ரூ ட்ரைவரைக் கொடுத்துப் பார்ப்பதும் ஒரு வழி. பலகை பூட்டின பிறகு பிழை தெரிந்தால் எல்லாம் முதலில் இருந்து.

பிறகு மழைத்தாள். ஹாட்வெயாரில் தடித்த பொலித்தீன் இரண்டு மீற்றர் வாங்கியிருந்தோம். வெட்டும்போது கதவை விடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, கைப்பிடிக் கம்பிக்கும் ஷட்டர் ஹேண்டிலுக்கும் மட்டும் சின்னக் கீறல் விட்டோம். ஒட்டுவதற்கு அதே கறுப்புப் பசை, பியூட்டைல் டேப் என்று கேட்டால் தருவார்கள். அது காயாது, வெயிலுக்கும் விடாது. சாதாரண இரட்டைப்பக்க டேப் இந்த ஊர் வெயிலுக்கு நிற்காது. வினாகிரி மணக்கிற சிலிக்கன் வேண்டவே வேண்டாம், தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். முக்கியமானது தாளின் கீழ் ஓரம். அதைத் தகரத்துக்கு வெளியே தொங்க விடாமல், அடியில் இருக்கிற நீளத் துளைக்குள் சொருகிக் கதவின் உட்பக்கம் பார்க்க விட வேண்டும். அப்போதுதான் தாளில் வழிகிற தண்ணீர் கதவுக்குள்ளேயே விழுந்து ஓட்டையால் போகும். வெளியே விட்டால் நேரே காலடிக் கம்பளத்துக்கு வரும்.

ஒட்டி முடித்ததும் ஒரு பரீட்சை வைத்தோம். மகள் பூவாளியால் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினாள். மகன் கீழே படுத்து டோர்ச் அடித்தான். "வருது... வருது... மூணு ஓட்டையாலயும் வருது!" தாளின் உள்பக்கத்தை நாங்கள் கையால் தடவிப் பார்த்தோம். காய்ந்து இருந்தது. மழைத்தண்ணீரின் பாதையைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் ஒரு பாடவேளை போகும். அன்றைக்கு இரண்டு நிமிடத்தில் பாடம் முடிந்தது.

பலகை பூட்டுவது இலகு. கிளிப் எல்லாம் புதிதாகப் போட்டோம். பழைய கிளிப்பை மறுபடி போடுவது வீண் மிச்சம். மேல் ஓரத்தைக் கண்ணாடிப் பக்கம் கொளுவி, பூட்டுக் குமிழின் கம்பியைத் துளையால் எடுத்து, ஒவ்வொரு கிளிப்பும் தன் ஓட்டைக்கு நேரே நிற்கிறதா என்று பார்த்து, உள்ளங்கையால் தட்டினால் போதும். ஒன்று போகவில்லை என்றால் பலமாக அடிக்காமல், எடுத்துப் பார்த்து நேராக்க வேண்டும். ஷட்டர் ஹேண்டிலுக்குக் கம்பிக் கிளிப்பை முதலில் ஹேண்டிலிலேயே மாட்டிவிட்டு, ஹேண்டிலை அச்சில் வைத்துக் கையால் குத்தினால் தானாகக் கொளுவும். கண்ணாடி முழுக்க ஏறின நிலையில் அடுத்த கதவின் ஹேண்டில் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கம் இதையும் வையுங்கள்.

லுஹருக்கு பாங்கு சொல்லும்போது கடைசி ஸ்க்ரூவும் முட்டைத் தட்டில் இருந்து போய்விட்டது.

தொழுதுவிட்டு வந்து உம்மாவைக் கூப்பிட்டோம். ஏறி உட்கார்ந்தார். கதவை கைதாங்கியால் இழுத்துச் சாத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. சந்தனக் கலரைத் தடவிப் பார்த்தார். பிறகு கைப்பிடியை இழுத்தார். கதவு திறந்தது. ஒரு காலை வெளியே வைத்தார், கைதாங்கியைப் பிடித்தார், எழும்பினார். மகன் கையைக் கொடுக்கப் போனான். "தேவல்ல மனே" என்றார்.

கலரைச் சரிபண்ண ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாம் என்று பேசினோம். உம்மாதான் வேண்டாம் என்றார். "எண்ட கதவு எதெண்டு தெரியட்டும்."

அதனால்தான் அந்தக் கதவு சந்தனக் கலர். அடுத்த வெள்ளிக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போவதற்கு எங்களுக்கு முன்னால் வந்து ஏறியிருந்தவரும் அவர்தான்.

செலவு கேட்பவர்களுக்குக் கணக்கு: பலகை 8,500 ரூபா, பஸ் கூலி 600, உள் கைப்பிடி 1,800, கிளிப் பத்து 400, பொலித்தீன் 500, பியூட்டைல் டேப் 950. மொத்தம் 12,750 ரூபா. இதில் பொலித்தீனும் டேப்பும் சேர்த்து 1,450. அன்றைக்கே அந்த வேலையைச் செய்திருந்தால் மிச்ச 11,300 ரூபாவும் தேவைப்பட்டிருக்காது.

பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் காட்டினோம். வேறு புத்திமதி சொல்லவில்லை. ஆனால் ஒரு விசயத்தைப் பெற்றோருக்குச் சொல்ல விரும்புகிறோம். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013 இல் வந்தது. பாடசாலையில் செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று ஒரு பாடமே இருக்கிறது. இருந்தும் "எங்கட புள்ள கிரீஸ் கையோட நிக்கவா படிப்பிக்கிறம்?" என்கிற பேச்சு பெற்றோர் கூட்டங்களில் இன்னும் கேட்கிறது. டொக்டராகட்டும், எஞ்சினியராகட்டும், துஆச் செய்வோம். யார் ஆனாலும், ஒருவரும் பார்க்காத இடத்தில் தாளை ஒட்டிவிட்டுத்தான் பலகையைப் பூட்ட வேண்டும் என்பதைக் கையால் தெரிந்துகொள்வதில் நட்டம் ஒன்றுமில்லை. அந்தப் பாஸ் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் ஒரு பாடம்தான். அவருக்கும் பிள்ளைகள் சேர் என்றே சொல்லலாம்.

கடைசியாக, மாரி மழைக்கு முன்னால் வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் மூன்று வேலை கேட்கிறோம். செலவு ஒன்றும் இல்லை.

ஒன்று, ஒரு ஈர்க்கை எடுத்து நான்கு கதவின் அடி ஓட்டைகளையும் குத்திவிடுங்கள்.

இரண்டு, ஷட்டர், பூட்டு, ஸ்பீக்கர் என்று எதற்காகக் கதவைக் கழற்றக் கொடுத்தாலும், "மழைத்தாள் திரும்ப ஒட்டினதா?" என்று கேளுங்கள். முடிந்தால் பலகை பூட்டுவதற்கு முன் நின்று பாருங்கள்.

மூன்று, பின் சீட்டில் போய் உட்காருங்கள். கதவைச் சாத்துங்கள். உள்ளே இருந்து திறந்து பாருங்கள். இரண்டு பக்கமும். வாகனம் ஓட்டுகிறவர் பின் சீட்டில் இருப்பது அரிது. அங்கே இருப்பது வயசானவர்களும் பிள்ளைகளும். ஒரு விபத்து என்றால், புகை என்றால், வெள்ளத்தில் வாகனம் நின்றுவிட்டால், யாராவது வந்து வெளியே இருந்து திறக்கும்வரை அவர்கள் காத்திருக்க முடியாது. சின்னப் பிள்ளைகளுக்காக சைல்ட் லொக் போட்டிருந்தால், போட்டிருக்கிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பட்டித் தகடு, துருப் பெயின்ட், மிச்சப் பொலித்தீன், மூன்று கிளிப், முட்டைத் தட்டு எல்லாம் எங்கள் வீட்டில் இருக்கின்றன. தேவையானவர்கள் அஸருக்குப் பிறகு வந்து எடுத்துப் போகலாம். துவாய் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் மகனையும் அனுப்புகிறோம்.